இரும்புச் சத்தம்

முன்சக்கரத்தில் தேய்ந்துபோன பால் ஜாயின்ட் மூட்டை மாற்ற, பழைய காரை வாசலிலேயே ஜாக்கியில் ஏற்றியிருந்தேன். அது கழன்று வரவில்லை. சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பொறி பறந்தது, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குள் இரும்பே கிடையாது. அம்மா லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலேயே பட்டாசுக்கு மருந்து அடைப்பாள். கரண்டிகூட மரம்தான். எவ்வளவு கழுவினாலும் அவள் விரல்களில் மருந்தில் கலக்கும் வெள்ளிப்பொடி போகாது. அத்தை அரிவாளோடு வந்தால், "அங்கனயே வச்சிட்டு வாங்க மதினி" என்பாள்.

அதே வேலை செய்த பின்வீட்டில் ஒருநாள் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்த அடி கேட்கவேயில்லை. எங்கள் முற்றமெல்லாம் அவர்கள் வீட்டு ஓடுகள்.

மறுபடி சுத்தியலை ஓங்கினேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் சுவருக்கு மேல் எட்டிப்பார்த்தாள்.

"அண்ணே, செத்த நேரம் தட்டாம இருக்கீகளா?"

சுவரைப் பிடித்திருந்த அவள் விரல்களெல்லாம் வெள்ளியாய் மின்னின.