முபாறக் நானாவின் கிரீஸ் டின்

கற்பிட்டியில் கணினி திருத்தும் ஸும்ராவுக்கு உப்புக் காற்றோடு மல்லுக்கட்டிப் பழக்கம். மனிதர்களோடு மல்லுக்கட்டத்தான் பொறுமை போதவில்லை. அன்று காலை, மீன்பிடி போட் வைத்திருக்கும் முபாறக் கொண்டுவந்த கணினிப் பெட்டியைத் திறந்ததுமே தலையில் கைவைத்தாள். டிவி வயர் செருகும் எச்டிஎம்ஐ வாய் நசுங்கி, பலகையை விட்டுப் பாதி கழன்றிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே கறுப்பாய், கொழகொழவென்று என்ன கண்றாவி இது!

“கிரீஸ் தங்கச்சி. போட் எஞ்சின் வயருக்குப் பூசுற மாதிரிப் பூசினேன். உப்பு திண்டுடுமே.”

“இது என்ன நானா, போட்டா? கிரீஸ் கிடந்தா ஈயம் ஒட்டுமா?”

“கோவிக்காதீங்க. ரெண்டு மணிக்கு மகள் நுஸ்ராவுக்கு இந்தக் கம்பியூட்டரிலதான் இன்டர்வியூ. வீட்டிலருந்தே பிளான் கீறுற வேலை. கீறினதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. இதுவும் தவறினா அவ திரும்பக் கருவாட்டு வாடிக்குத்தான் மீன் காயப்போடப் போகணும்.”

ஸும்ரா முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தாள். சூட்டுக்காற்றால் பழைய வாயைக் கழற்றி, புதியதை வைத்து, மயிரிழைக் கால்களை ஒவ்வொன்றாக ஈயத்தில் பிடித்தாள். கழுத்து விட்டுப்போனது. கடைத் திரையில் மாட்டிப் பார்த்தாள். படம் பளிச்சென்று வந்தது. இந்த மனிதர் வழியில் எதைப் பூசுவாரோ என்று தானே ஆட்டோவில் கூடப் போனாள்.

வீட்டில் கணினித் திரையாகவும் இருந்த டிவியில் செருகினால் ஒரே இருட்டு. அயன் செய்த அபாயாவோடு காத்திருந்த நுஸ்ராவின் முகம் வெளிறியது. வயரை இழுத்தால், நுனியெல்லாம் கறுப்பு.

“நானா!”

“டிவிப் பக்கமும் பூசினேன்தானே. ஒரு பக்கம் மட்டும் பூசினாக் காணுமா?”

“பக்கத்தில இருக்கிற மத்த வாய்?”

“அதுக்கும்தான்.”

யா அல்லாஹ்! இதைக் கழுவிக் காயவைக்க நேரமேது? ஸும்ரா அதே ஆட்டோவில் திரும்பி ஓடினாள். காத்திருந்த ஆட்களிடம் பிறகு வரச் சொல்லிக் கடையைப் பூட்டி, இருந்த ஒரே திரையையும் மடியில் ஏந்தி வந்தாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் நேரத்துக்கு நுஸ்ராவின் வரைபடங்கள் திரையில் விரிந்துவிட்டன.

மூச்சு வாங்க வாசல் கதிரையில் உட்கார்ந்தவளிடம் முபாறக் குனிந்தார்.

“தங்கச்சி, உங்கட திரையும் காய்ஞ்சு போய்த்தான் கிடக்கு. ஒரு சொட்டு...”

“தாங்க அந்த டின்ன!”

கொடுத்துவிட்டார். அவள் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே முதலில் நடுங்கிய நுஸ்ராவின் குரல் மெல்லத் தெளிந்தது. கடைசியில் சொன்னது வாசல்வரை கேட்டது.

“ஓம் சேர், திங்கட்கிழமையே தொடங்கலாம்.”

முபாறக் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கன்னமெல்லாம் கறுப்பு.

“அழுகிறதுக்கும் கிரீஸா நானா?” என்றாள் ஸும்ரா, ஷோல் நுனியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.