கொடுக்கக் கூடாத பணம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். முட்டைக்கோஸ் பொரியல் செய்து, மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டினேன். சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் மார்சிலிங்கில் எட்டு இருபதுக்கு ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது ஒன்பது பத்து. நான் பதினோரு வருடமாக வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையை எப்போதும் நான்தான் திறப்பேன். அன்று கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே முதலாளி பாய், கையில் பிரித்த கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். உறையில் ‘கடை நிர்வாகியின் பார்வைக்கு’ என்றிருந்தது.

“தங்கச்சி, இன்னிக்கு நான் சீக்கிரமா வந்தேன். வசூலுக்குன்னு ஒரு ஆளு வந்து இதைக் குடுத்துட்டுப் போனான். ஒரு வாரத்துக்குள்ள கட்டலன்னா தெனம் வந்து வாசல்ல நிப்பானாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வா, நானே குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்.”

எனக்குக் கடன் இருப்பது அவருக்குத் தெரியும். ஆறு வங்கிகளின் கடன் அட்டைகள். யார் செலவழித்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை, கையெழுத்து என்னுடையது. நீதிமன்றம் அனுப்பிய வழியில், ஓர் அரசாங்க அதிகாரியின் கீழ், ஐந்து வருடத் திட்டத்தில் அடைத்து வருகிறேன். மாதாமாதம் நான் கட்டுவதை அதிகாரிதான் ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். பதினான்கு மாதமாக ஒரு தவணையும் தவறவில்லை. நான் ஒழுங்காகக் கட்டிவருவதாக அதிகாரி எழுதிய கடிதம் ஆறு பேருக்கும் போயிருக்கிறது, ஒரு நகல் என்னிடம் இருக்கிறது. அப்படியும் வசூல் நிறுவனங்களிலிருந்து கடிதங்கள் வரும். வந்த தேதியை மூலையில் எழுதி, ‘உங்கள் கடன் திட்டத்தில் உள்ளது, அதிகாரியிடம் பேசவும்’ என்று ஒரே வரியில் பதில் போட்டு, நகலைக் கோப்பில் வைப்பேன். நான்காவது கடிதத்துக்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. பாயின் கருணைதான் அன்று பயமுறுத்தியது.

“கொடுக்கக் கூடாது பாய்.”

“என் காசு. எனக்கு இஷ்டம்.”

“ஆறு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் தனியாப் போனா, மத்த அஞ்சு பேரும் கேப்பாங்க. உங்ககிட்ட வாங்கினா அதுவும் புதுக் கடன். திட்டமே உடைஞ்சிரும்.”

“கடன்காரனுக்குக் காசு குடுக்காதேன்னு சண்டை போடற ஒரே ஆளு நீதான் லா!”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திட்டம் உடைந்தால் நீதிமன்றம் என்னை நொடித்துப்போனவள், திவாலானவள் என்று அறிவிக்கலாம். அதற்குப் பிறகு நாட்டை விட்டு வெளியே போக ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்க வேண்டும். எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் படுத்த படுக்கையாக இருக்கும் என் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைக்குக் குளிப்பாட்டிவிடுவது நான்தான். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க மாட்டேன். இதை அப்படியே சொன்னேன். பாய் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

அதிலிருந்த எண்ணுக்கு அவர் முன்னாலேயே போன் செய்தேன். எடுத்தவர் தமிழர்.

“அக்கா, சின்ன அமவுண்ட்தான். உங்க பாஸ் ஓகேன்னுட்டாரு. நீங்க ஏன் இழுக்கறீங்க?”

“என் பாஸ் உங்களுக்குக் கடன்படல தம்பி. அதிகாரியோட கடிதம் உங்க ஆபீசுக்கு வந்துச்சா இல்லையா?”

“அது வேற டிபார்ட்மென்ட்க்கா. நாளைக்குக் கடையில கஸ்டமர் முன்னாடி பேசினா உங்களுக்குத்தானே அசிங்கம்?”

“வாங்க. பதினோரு மணிக்குக் கூட்டம் இருக்கும். நாலு பேரு கேக்கற மாதிரி சத்தமாப் பேசுங்க.”

போனை வைத்தார். பாய் தேநீர் வாங்கி வந்து வைத்தார்.

“அவன் வந்தா என்ன பண்ணுவே?”

“அதிகாரியோட கடிதத்தைச் சுவத்துல ஒட்டி வெச்சு, படிக்கச் சொல்லுவேன்.”

“ஊரே பாக்கும் தங்கச்சி.”

“பாக்கட்டும் பாய். நான் ஒழுங்காக் கட்டறேன்னுதானே அதுல இருக்கு. கடை உங்களுது. வேணாம்னா சொல்லுங்க.”

பாய் ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்துத் துடைத்தார். “நேரா ஒட்டு. கோணலா இருந்தா எனக்குப் பிடிக்காது” என்றார்.

மாலை வீட்டில், கடைக்கு வந்த கடிதத்தைப் படமெடுத்து, அந்த ஆள் வந்த நாள், நேரம், போனில் சொன்ன வார்த்தைகள் எல்லாம் எழுதி அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்குக் கடையைத் திறந்தேன். விளக்கைப் போடும் முன்பே, அதிகாரியின் கடிதத்தில் என் அடையாள எண்ணை மட்டும் வெள்ளைத் தாளால் மறைத்து, அதைக் கல்லாவுக்குப் பின்னால், கண் மட்டத்தில், ஸ்கேல் வைத்து அளந்து, நான்கு மூலையிலும் ஒட்டினேன்.