அம்மா உறங்கவில்லை

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். போதகர் ஐயா, சபைப் பெண்கள் சங்கத் தலைவி, அம்மா, அம்மாவின் தங்கையான எங்கள் சித்தி, என் தங்கை, நான். அங்கே இல்லாத பலர் அன்று நடந்ததைக் கண்ணால் கண்டதுபோல் இன்றும் சொல்லிவருவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற யாருக்காவது மனம் நோகுமோ என்று பயந்து எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் நோகத்தான் செய்யும் என்று தெரிந்தபின் கிழிப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மா பிறந்தது, தியானத்தில் உட்கார்ந்த பழைய சமணச் சிலைகள் உள்ள சிதறால் மலைக்குக் கீழே. தாய் சீக்கிரமே போய்விட்டதால் சித்தியை இடுப்பில் வைத்து வளர்த்தது அம்மாதான். அருமனைக்கு மருமகளாக வந்தார்கள். சித்தியையும் இரண்டு வீடு தள்ளியே கட்டிக்கொடுத்தார்கள். அப்பா கல்ஃபுக்குப் போய், நெஞ்சு நோயோடு திரும்பி வந்து, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே காலமானார்கள். இருந்த கொஞ்சம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஷீட் அடித்து, அம்மா எங்களை ஆளாக்கினார்கள். குரல் உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. கோழி கட்டிலில் ஏறினால்கூட, "எறங்கு பிள்ளே" என்றுதான் சொல்வார்கள்.

நம் சபையில் ஜெபம் சத்தமானது என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவும் அப்படித்தான் ஜெபித்தார்கள். சங்கத்தின் ஜெபச் செயலாளராகவும் இருந்தார்கள். ஆனால் அப்பா போனபிறகு, "எனக்க வாயில வார்த்தை தீந்துபோச்சு மக்கா" என்பார்கள். அதைக் கண்டு ஒரு தியான இல்லத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதே சித்திதான். சில நாள் மௌனமாக இருந்துவிட்டு வந்தார்கள். அதன்பின் மத்தியானங்களில் ஷீட் காயும் கயிற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருவரும் உட்காருவார்கள். முதலில் மூச்சோடு சேர்த்து "இயேசுவே" என்பார்கள். பிறகு அதுவும் அடங்கிவிடும்.

முதல் தடவை பார்த்தபோது பயந்துபோய் அம்மாவின் மூக்கருகே விரலை வைத்தேன். கண் திறக்காமலே, "லேய், சீவன் இருக்கு. போய் வண்டியக் கழுவு" என்றார்கள். பக்கத்து நாற்காலியில் சித்தி சிரிப்பை அடக்கமாட்டாமல் குலுங்கினார்கள்.

"அப்பிடி என்னதாம்மா செய்யுதிய?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல்ல. ஒனக்க அப்பா சீக்குல கெடந்தப்ப ஒண்ணும் பேசாம பக்கத்துல இருந்தேன்லா? அதுபோல ஆண்டவருக்க பக்கத்துல இருக்கேன்."

சங்கத் தலைவியின் கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வெள்ளிக்கிழமை சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது. எல்லோரும் கேட்கும்படி போனில் குரூப் கால் போட்டிருந்தார்கள். ஜெபிக்கிறவருக்கு இடைஞ்சல் ஆகாதபடி மற்றவர்களின் பேச்சை அடைத்து வைத்திருந்தார்கள். தலைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் இரண்டு முதல் மூன்று மணி வரை அம்மாவின் முறை. "ஆண்டவரே, இந்த மகன உம்ம கையில வைக்கேன்" என்று தொடங்கினார்கள். அதன்பிறகு அந்தப் போனில் கேட்டதெல்லாம் எங்கள் வீட்டுக் கோழிச் சத்தம்தான். நான் சாப்பிட வந்த நேரம் அது. இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்று மணிக்கு அம்மா, "ஆமென். அடுத்தவிய எடுத்துக்கிடுங்க" என்று ஒப்படைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த பிறகுதான் நான் முதலில் சொன்ன ஆறு பேரும் முன்னறையில் கூடினோம். தலைவி அழுதார்கள். "ஒறக்கம் வந்தா வேற ஆளிட்ட குடுத்திருக்கலாம்லா அக்கா? நான் அங்க ஒத்தைக்கு நின்னு கோழி கொக்கரிக்கத கேட்டுட்டு இருந்தேன்." அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

"அம்மா, நீங்க ஜெபிச்சீங்களா?" என்று போதகர் ஐயா கேட்டார்கள்.

"ஜெபிச்சேன் ஐயா."

"என்ன சொல்லி?"

"ஒண்ணும் சொல்லல்ல ஐயா."

ஐயா சித்தியின் பக்கம் திரும்பினார்கள். "நீங்க கூட இருந்தீங்களா?"

சித்தி சேலை முந்தானையைச் சுருட்டினார்கள். "நான் அடுக்களையில மீன் கழுவிட்டு இருந்தேன் ஐயா. அக்கா ஒறங்கினாளோ முழிச்சிருந்தாளோ, எனக்குத் தெரியாது."

"சித்தி! பக்கத்து நாற்காலியில இருந்தது பின்ன யாரு? நான் கண்டேன்லா?" என்று எழுந்தேன். "மகன் அம்மைக்குத்தானே பேசுவான்" என்றார்கள் தலைவி. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "விடு மக்கா" என்றார்கள். அவ்வளவு நேரமும் அம்மா சித்தியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் தங்கை வெட்கப்படக் கூடாதென்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

அம்மாவின் ஜெபச் செயலாளர் பொறுப்பு அடுத்த மாதமே சித்திக்குப் போனது. அம்மா கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். "சிதறால்காரியில்லா, மலைமேல இருக்க சமணச் சிலையளப் பாத்துப் படிச்சிருப்பா" என்று சபை வாசலிலேயே பேசினார்கள். அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அதுபோல சம்மணம் போட எனக்க முட்டுவலி சம்மதிக்காண்டாமா?" சித்தி வீட்டுக்கு வந்தால் எப்போதும்போல் சாயா போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானம் இரண்டு நாற்காலியும் போட்டார்கள். ஒன்று காலியாகவே கிடந்தது. மழைக்கு அதையும் நான்தான் எடுத்து வைப்பேன்.

அம்மாவின் நோய் முற்றியபோது சங்கத்தார் வந்து கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்துவிட்டுப் போனார்கள். சித்தி மட்டும் போகவில்லை. அம்மா கையை விரித்து வைத்தார்கள். சித்தி அதில் தன் கையை வைத்து, விளக்கு வைக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் கண்மூடி இருந்தார்கள். எல்லாம் சரியாகிவிடும், சித்தி இனிச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். இரண்டாம் நாள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனையில் சித்தி மைக்கைப் பிடித்து, "எனக்க அக்கா ஒரு ஜெப வீராங்கனை" என்று நெடுநேரம் பேசினார்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வரவும் உதவிய ஆட்டோ ஸ்டாண்ட் நண்பர்களுக்கும், குழி வெட்டிய வாலிபர்களுக்கும், வீட்டோடு இருந்து ஆறுதல் சொன்ன உறவினருக்கும் எங்கள் நன்றி. கடைசி மாதம் முழுவதும் கஞ்சி கொடுத்துவிட்ட சங்கத் தலைவிக்கும் நன்றி. அவர்கள் ஒருநாள் கட்டிலருகே குனிந்து, "அக்கா, நெசமாட்டு முழிச்சிருந்தியளா?" என்று கேட்டார்கள். அம்மா தலையாட்டினார்கள். ஆனாலும் கணவருக்காக ஏறெடுத்த ஜெபச் சங்கிலி அறுந்ததோ என்ற கலக்கம் அவர்கள் கண்ணில் இன்னும் இருக்கிறது. அதைத் தீர்க்கக்கூடியவர் ஒருவர்தான். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் அவரும் முன்வரிசையில் இருப்பார். எழுந்து சொல்ல முடியாவிட்டால் இதைத் தலைவியிடம் காட்டி, ஆம் என்று தலையசைத்தால்கூடப் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை, இரண்டு மணி முதல் மூன்று மணி வரை, எங்கள் முற்றத்தில் விழித்திருந்து ஜெபித்தவர்கள் இரண்டு பேர். அம்மா. சித்தி.