எங்கள் முகாமையாளரின் ஓம்

"அதுக்கென்ன, செய்வம்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் முகாமையாளர் கதிரையிலிருந்து எழும்பி, வந்தவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கப்பல் முகவர் கந்தோரை நினைத்தால் முதலில் வருவது அந்தக் காட்சிதான். யார் வந்து எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில். மகனுக்கு வேலை வேண்டும் என்றாலும் ஓம், கோயில் விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்றாலும் ஓம், அதே நாள் அதே நேரம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வரவேண்டும் என்றாலும் ஓம். வாசல் தேடி வந்தவரை முகம் வாடவைத்து அனுப்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை. தங்கமான மனுசன். அந்தத் தங்கத்துக்குப் பின்னால் வாளியும் தும்புத்தடியுமாக நடந்தவள் நான்.

என் பதவிக்கு முகாமையாளரின் நிறைவேற்று உதவியாளர் என்று பெயர். இப்போதெல்லாம் அதற்கான படிப்புப் படிக்கிற பிள்ளைகள் வந்து, இந்த வேலைக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று கேட்கிறார்கள். கணினி, மூன்று பாஷை, நேர முகாமைத்துவம் என்று அவர்களே பதிலையும் சொல்லி முடித்துவிடுவார்கள். அதெல்லாம் வேண்டும்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் என் உழைப்பில் பாதி, அவர் சொன்ன ஓமில் எது உண்மையான ஓம், எது மரியாதைக்குச் சொன்ன ஓம் என்று கண்டுபிடிப்பதில் போனது. மற்றப் பாதி, மரியாதைக்குச் சொன்னதை, கேட்டவர் மனம் நோகாமலும் சொன்னவர் முகம் கெடாமலும் திருப்பி வாங்குவதில் போனது. அறையிலிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வருகிறவரை என் மேசைக்கு முன்னால் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்து, "சேர் சொன்னது சரிதான் ஐயா, ஆனா அண்டைக்கு அவருக்கு வேற அலுவல் வந்திடும் போல கிடக்கு" என்று மெல்லத் தொடங்குவேன். இதையெல்லாம் எவருக்கும் தெரியாமல் நாசூக்காகச் செய்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் தலைக்கும் ஓம் சொல்லிவிட்டார். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து பணிப்பாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கிளைகளில் இனி உதவியாளர்கள் தேவையில்லை, முகாமையாளர்களின் சந்திப்பு நேரங்களைக் கொழும்பிலிருந்தே கணினியில் பார்த்துக்கொள்ளலாம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார். கீழே எங்கள் முகாமையாளரின் பதில், சம்மதம் என்று ஒரே சொல். அவருக்கு வருகிற மின்னஞ்சல்களைத் திறந்து பார்ப்பதே நான்தான் என்பதைக்கூட மனுசன் மறந்துபோனார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூத்தவன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான், வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்திதான். நேரே போய்க் கேட்டேன். "பெரிய ஆக்கள் கேக்கேக்க ஏலாதெண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. பணிப்பாளர் நேரில் வந்து முடிவைச் சொல்வதாக இருந்தது.

அதற்கிடையில் ஈச்சிலம்பற்றில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம் என்று லீவில் போய், பணிப்பாளர் வருகிற அன்று காலைதான் வேலைக்குத் திரும்பினேன். வந்தால், கந்தோர் கலங்கிப்போய்க் கிடக்கிறது. எங்களுக்கும் கிண்ணியா மீனவர் சங்கத்துக்கும் பலகாலப் பழக்கம் ஒன்று உண்டு. கப்பல் வருகிற நாளை நாங்கள் முன்கூட்டியே சொல்வோம், அவர்கள் அந்தப் பாதையில் வலை விடமாட்டார்கள். நான் இல்லாத நேரம் பார்த்துச் சங்கத் தலைவர் வந்து, கிழமை முடியுமட்டும் கப்பல் இல்லைத்தானே, வலை விடலாமா என்று கேட்டிருக்கிறார். ஓம். மறுநாள், உரம் ஏற்றிவந்த கப்பலின் கப்டன் தொலைபேசியில் பேசி, சொன்ன நாளுக்கு முன்னமே உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் ஓம். இப்போது தம்பலகாமத்து வயல்கள் பார்த்திருக்கிற உரத்தோடு கப்பல் வெளியே நிற்கிறது, குடாவுக்குள் வலை கிடக்கிறது, பணிப்பாளரின் வாகனம் எங்கள் வாசலில் வந்து நிற்கிறது.

சங்கத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "வாக்குத் தந்தவரு வந்து சொல்லட்டும் புள்ள. போன்ல சொல்லி வலை எடுக்க ஏலா" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்களவரைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தினால், இன்னொரு ஓம் சொல்லிவிட்டல்லவா திரும்பி வருவார். வேறு வழியில்லை, புறப்பட்டோம். என்ன நடக்கிறது என்று தானும் பார்க்கவேண்டுமென்று பணிப்பாளர் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். கிண்ணியாப் பாலம் வரைக்கும் பின்னிருக்கையில் நான் முகாமையாளருக்குப் பாடம் நடத்தினேன்.

"ஒரே கதைதான் சேர். நான் சொன்னது பிழை, இண்டைக்கு ஏலாது, வலையை எடுங்கோ. அதுக்கு மேல வாய் திறக்கக்கூடாது."

"கொஞ்சம் கடுமையா இருக்காதோ பிள்ளை?"

"இருக்கட்டும்."

"நாளைக்குப் பாப்பம் எண்டாவது..."

"ஒண்டும் பாக்கத் தேவையில்லை."

முன்னிருக்கையில் பணிப்பாளரின் தோள் குலுங்கியது. சிரித்தாரா, பாதைதான் குண்டும் குழியுமா, தெரியவில்லை.

கரையில் சங்கத்து ஆட்கள் கூடி நின்றார்கள். தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பில்லாமல் முன்னால் வந்தார். எங்களவர் வழக்கம்போல அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பல்லுப் பிடுங்கப் போகிறவரைப் போலக் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, "நான் சொன்னது பிழை. இண்டைக்கு ஏலாது. வலையை எடுங்கோ" என்றார். தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இவருக்கு ஏலாண்டு சொல்லவும் தெரியுமா புள்ள?"

கரை முழுக்கச் சிரித்தது. தலைவர் கையைக் காட்ட, வலையை எடுக்கத் தோணிகள் இறங்கின. "மீன் படுற நேரம், நட்டந்தான். எண்டாலும் நேர வந்து பிழையெண்டு சொன்ன மனிசனோட என்ன கோவம்" என்றார். பிறகு பணிப்பாளர் யாரென்று தெரியாமலே அவரிடம் சொன்னார்: "இவரு எல்லாத்துக்கும் ஓமெண்டுவாரு. நாங்க வெளிய வந்து இந்தத் தங்கச்சியத்தான் பாக்குற. இவ சும்மா போகவிட்டா, ஓம். தேத்தண்ணி குடிங்கண்டு இருத்தினா, ஏலா. ஊருக்கே தெரியும். இந்த முற அவ லீவில போயிட்டா, நாங்க மாட்டிக்கிட்டம்."

என் நாசூக்கெல்லாம் அந்தக் கரையில் காற்றோடு போயிற்று. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொன்னால் என்ன, நெஞ்சு நிறைந்துபோனது. இவ்வளவு காலமும் அந்தக் கந்தோரின் வாக்கு என் வாக்காகத்தான் இருந்திருக்கிறது.

வலையெல்லாம் கரைக்கு வந்தபின், உரக் கப்பல் மெல்லத் திரும்பித் துறைமுகத்துக்குள் போனது. மூன்று பேரும் நின்று பார்த்தோம். கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமலே பணிப்பாளர் முகாமையாளரிடம் கேட்டார்:

"இவ இல்லாமல் இந்தக் கிளையை நீங்கள் கொண்டு நடத்துவீங்களா?"

பெரிய ஆள் கேட்கிறார். வரப்போகிற பதில் எனக்கு மனப்பாடம். மகனின் படிப்பை நினைத்துக்கொண்டு நான் வேறு பக்கம் திரும்பினேன்.

"ஏலாது சேர்" என்றார் எங்கள் முகாமையாளர், கண்ணைத் திறந்துகொண்டே. "நான் சம்மதம் எண்டு எழுதினது பிழை. இவ இல்லாம ஏலாது."

அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.