தொலைந்து திரும்பிய பெருமாளிடம் கேட்டேன்

முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம் சனிக்கிழமை பஜனையில்கூடக் கடைசி வரிசையில்தான் உட்காருவேன். ஆனாலும் பெருமாள் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜீயபுரத்தில். என் வீட்டுக்காரர் பதினேழு வருடம் குவைத்தில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போன தை மாதம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் தேறிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, கண் கலங்கும். நினைவும் தடுமாறியது. கதவு திறந்திருந்தால் நடந்து போய்விடுவார். இரண்டு தடவை ஆற்றங்கரையிலிருந்து கூட்டிவந்தோம். அதனால் அவருடைய சட்டை எல்லாவற்றிலும் உள்பக்கம் ஒரு துண்டுத் துணியில் பெயரும் என் போன் நம்பரும் எழுதித் தைத்துவிட்டேன்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் அவரை ஸ்ரீரங்கம் கூட்டிப்போனேன். பெருமாள் முன்னால் அவரை நிறுத்தி, "ஒரே ஒரு வார்த்தை கொடு" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். பெருமாள் முன்னால் ஆண்கள் சட்டையோடு நிற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கோயிலில் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் அவர் சட்டையைக் கழற்றி மடித்து என் பையில் வைத்தேன். நம்பர் அதில் இருப்பது நினைவுக்கே வரவில்லை.

சேவித்துவிட்டு வெளியே வரும்போது கூட்டம் நெருக்கியது. அவர் கை என் கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்த்தேன். இல்லை.

காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் ஓடினேன்.

"என்ன கலர் சட்டைம்மா?"

"சட்டை போடலைங்க."

"இன்னிக்கு இங்க பாதி ஆம்பளைங்க சட்டை இல்லாமத்தான் சுத்தறாங்க. பேரைச் சொல்லுங்க, மைக்ல சொல்லச் சொல்றேன்."

எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் பெயரை நான் சொன்னதே இல்லை. பையிலிருந்து சட்டையை எடுத்து, தைத்த துணியைக் காட்டினேன். அந்தப் போலீஸம்மா படித்துப் பார்த்தார்.

"நம்பர் இங்க இருக்கு, ஆளு எங்கயோ இருக்காரு. நல்லாத் தச்சீங்க போங்க!" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும், "அழாதீங்கக்கா, எல்லா வாசலுக்கும் சொல்லிடறேன்" என்றார்.

மைக்கில் மூன்று தடவை பெயர் சொன்னார்கள். நான் சுற்றுச் சுற்றாகத் தேடினேன். ஒரு மணி நேரம் போனது. ஊருக்குத் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். அவருக்குத் தண்ணீரைக் கண்டால் இறங்கத் தோன்றும். ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் பிள்ளைகளிடம் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. தில்லிப் படை வந்தபோது உற்சவப் பெருமாளே இந்தக் கோயிலை விட்டுப் போனாராம். ஊர் ஊராக அலைந்து, பல வருடம் கழித்து விஜயநகரத்தார் காலத்தில்தான் திரும்பினாராம். எத்தனையோ ராஜாக்கள் கைமாறி, இடிந்ததும் கட்டியதுமாக நிற்கிற கோயில் இது என்றார்.

"பெருமாளே, நீயும் தொலைந்து திரும்பி வந்தவன்தானே! தேடுகிறவர்கள் பாடு உனக்குத் தெரியுமே. எனக்குப் பேச்சு வேண்டாம். ஒரு வார்த்தையும் வேண்டாம். ஆளைக் கொடு."

எழுந்தேன். "செல்வராசு!" என்று கத்தினேன். என் வெட்கம் போன இடம் தெரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே மறுபடி உள்சுற்றுக்குப் போனேன்.

துலுக்க நாச்சியார் சன்னதியிலிருந்து ஒரு பட்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பெருமாள்மேல் ஆசைப்பட்டு, தில்லியிலிருந்து அவர் பின்னாலேயே வந்த சுல்தான் மகள் அவள் என்பார்கள். அங்கே சிலை கிடையாது, சித்திரம்தான். அவளுக்காகக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் படைப்பது வழக்கம்.

"ஏம்மா, இவர் உங்காத்துக்காரரா? ரொட்டி குடுத்தேன். தின்னுட்டு மறுபடி கையை நீட்டறார். பேர் கேட்டா சிரிக்கறார்."

சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதட்டில் வெண்ணெய். நான் அவர் காலடியில் விழுந்து அழுதேன். அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"குப்பூஸ்" என்றார்.

குவைத்தில் ரொட்டிக்கு அதுதான் பெயர். எட்டு மாதத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"என்ன சொல்றார்?" என்றார் பட்டர்.

"பதினேழு வருஷம் இவரு சுட்ட ரொட்டிங்க சாமி."

"அப்போ நாச்சியாருக்கு வேண்டப்பட்டவர்தான்" என்று சிரித்து, இன்னொரு துண்டு கொடுத்தார்.

கேட்டதையும் கொடுத்தார் பெருமாள், வேண்டாம் என்று நான் விட்டதையும் கொடுத்தார். அதற்குப் பிறகும் என் வீட்டுக்காரருக்குச் சில வார்த்தைகள் வந்திருக்கின்றன, மெதுவாகத்தான். இப்போது நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். உடனே திரும்பிப் பார்க்கிறார். உங்கள் வீட்டில் யாராவது கைநழுவிப் போவதுபோல் இருந்தால், பெருமாளிடம் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். தொலைந்துபோவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோதுமை மாவு வாங்கி வீட்டுக்காரருக்கு நாலு ரொட்டி போட்டேன். மூன்று சாப்பிட்டார். எதுவும் பேசவில்லை. மத்தியானம் அவருடைய வேட்டிகளிலும் நம்பர் தைத்தேன்.