வரப்பில் மிஞ்சிய ஒற்றைப் புல்

வண்ணத்துப்பூச்சி ஒன்று கூட்டை விட்டு வெளியே வருவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்தேன் என்றால் எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை. கூட்டிப்போனவன் என் வகுப்புத் தோழன் இர்ஃபான். திருவாதவூர் வரப்பில் ஒரு துள்ளியை, அது புழுவாக இருந்தபோதிலிருந்து வாராவாரம் போய்ப் பார்த்து வருகிறான். புல்லைத் தின்று வளரும் சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி அது. பறப்பதைவிடத் துள்ளுவதுதான் அதிகம்.

மாட்டுத்தாவணியில் ஆறு மணிப் பேருந்து. டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய்; தூக்கம் இலவசம். இறங்கிப் பத்து நிமிட நடை.

புல்லில் ஒட்டியிருந்த பச்சைக் கூடு கருத்துப்போயிருந்தது. "இன்னிக்கு வந்துரும் மாப்ள" என்றான். அடையாளத்துக்கு அந்தப் புல்லில் சிவப்பு நூல் கட்டியிருந்தான். வரப்பின் மறுகோடியில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த செல்வி அக்காவிடம், "நூல் கட்டுனத மட்டும் விட்டுருங்கக்கா" என்று சொல்லிவிட்டு இட்லி வாங்கப் போனான்.

நான் சும்மா இருப்பேனா? நூலை அவிழ்த்து நாலடி தள்ளி வேறொரு புல்லில் கட்டினேன். வந்து கொஞ்சம் முழிக்கட்டும் என்றுதான். அக்காவின் அரிவாள் என் நினைவிலேயே இல்லை. பம்புசெட்டில் கால் கழுவிவிட்டுத் திரும்பினால் வரப்பு மொட்டை. நடுவில் ஒற்றைப் புல், சிவப்பு நூலோடு. எனக்குப் புல்லரித்தது, வரப்பில்தான் புல்லே இல்லை.

"தம்பி சொன்ன மாதிரியே விட்டுட்டேன்" என்றார் அக்கா.

இட்லிப் பொட்டலத்தோடு வந்த இர்ஃபான் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நூலு நடந்து போச்சாடா?"

அக்கா அறுத்துக் கட்டியிருந்த புல்கட்டுகளைக் காட்டினேன்.

"அம்புட்டையும் பிரிச்சா யாரு திரும்பக் கட்டுறது?" என்றார் அக்கா.

"நான் கட்டுறேன்க்கா" என்றேன்.

புல் புல்லாகப் பிரித்தோம். கடைசிக் கட்டில், இர்ஃபான் கைக்குத்தான் கூடு ஒட்டிய புல் அகப்பட்டது. தண்ணீர் பாட்டிலில் செருகி நிறுத்தினோம். வெயில் ஏறியதும் கூடு பிளந்து துள்ளி வெளியே வந்தது. ஒரு பக்க இறக்கை விரிந்தது. மறுபக்கம் கசங்கியபடியே காய்ந்தது. துள்ளிப் பார்த்தது. விழுந்தது. மறுபடி துள்ளியது.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டாததுதான் பெரிய அதிர்ச்சி. துள்ளியை எடுத்து அந்த ஒற்றைப் புல்லில் விட்டான். நூலை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினான்.

"இதயாச்சும் எடம் மாத்தாம வச்சிரு."

போகிறவர்களுக்கு: ஷூ போடுங்கள். இட்லியை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். புல் அறுப்பவர்களிடம் சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நில்லுங்கள், முக்கியமாக என்னைப் போல் ஒருவன் கூட வந்திருந்தால். நூல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. சாயம் போய்விட்டது, அவிழ்க்கவில்லை.