வெளிச்சம் சரியில்லை

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி, அதன் நடுவில் ஒரு திருகு. தொலைக்காட்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்தது அதைத்தான். திருகைச் சுழற்றினால் கேமராவுக்கு முன்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் எழுத்துகள் மேலே ஏறும். ப்ராம்ப்டர் என்பார்கள். வாசிப்பவர் நேயர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரிவது அந்தக் கண்ணாடியால்தான். அவருடைய மூச்சைக் கவனித்துத் திருப்ப வேண்டும். விரல் முந்தினால் அவர் மூச்சிரைப்பார், பிந்தினால் பாதி வாக்கியத்தில் அந்தரத்தில் நிற்பார். ஜவ்வாது மலையில் எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பேருந்துப் பலகை, மாத்திரை அட்டை, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி என்று அடுத்தவருக்காகப் படித்தே வளர்ந்தவள். ஆகவே இந்த வேலை எனக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நான் யாருடைய மூச்சைக் கவனித்தேனோ அவரை நிலையத்தில் எல்லாரும் மேடம் என்றார்கள். காலையில் பங்குச் சந்தை திறக்கும் நேரத்து நிகழ்ச்சி அவருடையது. கண்ணமங்கலத்தில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவரின் மகள். பத்திரிகையில் மஞ்சள், புளி, வெல்லம் விலை நிலவரம் எழுதத் தொடங்கி, தொலைக்காட்சிக்கு வந்து, இழுத்துப் பூட்டிய நிதி நிறுவனங்களின் வாசலில் பணம் போட்டு ஏமாந்தவர்களோடு வெயிலில் நின்று பெயர் வாங்கியவர். அங்கே கண்டதாலோ என்னவோ, எந்தப் பங்கையும் 'வாங்குங்கள்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. விளம்பரப் பிரிவுக்கு அதில் தீராத வருத்தம். நிறுவனத் தலைவர்கள் பேட்டிக்கு வந்து, நஷ்டத்துக்கு உலகத்தையெல்லாம் காரணம் காட்டி முடிக்கும்வரை பேசவிடுவார். பிறகு ஒரே கேள்வி: "இது உங்களுக்கு எப்போது தெரியும்?" அதைக் கேட்டதும் கழுத்துப் பட்டையின் முடிச்சைத் தொடாத தலைவரை நான் பார்த்ததில்லை.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சந்தை திறப்பதற்கு முன் அரங்கில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். உட்கார்ந்தபின்னும் மேசைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே முகம் மட்டும் கல்போல் நிற்கும். திரையில் அச்சடித்ததுபோல் பேசுபவர், மைக்கைக் கழற்றியதும் எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு வந்துவிடுவார். "இன்னாடி மலைக்காரி, வூட்ல சாமக்கஞ்சிய வுட்டுட்டு இங்க வந்து இந்தத் தயிர்சாதத்தத் தின்ற" என்பார். சக ஊழியர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

ஒரு காலையில் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். சில வாரங்களில் இன்னும் பெரிதாக்கச் சொன்னார். ஒரு வரியில் மூன்று சொல் மட்டுமே கொள்ளும் அளவுக்கு வந்தபோது, மேசையில் இருந்த கணினியின் எண்களை என்னையே கட்டுப்பாட்டு அறை மைக்கில் தன் காதுக்குச் சொல்லச் சொன்னார். காரணம் நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "லைட் சரியில்லடி, நீ பாத்துச் சொல்லு." தலைக்குமேல் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

எனக்குச் சுரீரென்றது. அது என் அம்மாவின் வாக்கியம். எங்கள் ஊரில் யாரும் ஒரு தாளை நீட்டி, எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்வதில்லை. வெளிச்சம் சரியில்ல, நீ பாரு என்பார்கள். வாங்குபவரும் வெயிலைப் பார்க்காமல், தாளைப் பார்த்துப் படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் நான் பழக்கப்பட்டிருந்தேன். சரி மேடம் என்று அன்றிலிருந்து அவர் காதுக்குள் எண்களைப் படித்தேன். அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்த எண்ணைக் கொடுத்தேன். வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கால் முன்னைவிட வேகமாக ஆடியது.

அப்போதுதான் நிலையத்துக்குப் புதிய செய்தித் தலைவர் வந்தார். காலை நிகழ்ச்சிக்கு இளைய முகம் ஒன்றை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். ஒரு தடுமாற்றம் போதும் அவருக்கு. அரங்கிலேயே எத்தனை நாள், வெளியே போய் ஒரு நேரலை செய்யுங்களேன் என்றார். மேடம் தயங்காமல் ஜவ்வாது மலை என்றார். புளிக் காலம், மலைப் புளியின் விலை. "வழி காட்ட மலைக்காரியக் கூட்டிட்டுப் போறேன்." ப்ராம்ப்டர் போடும் பெண்ணை ஏன் மலைக்கு அழைத்துப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் கைப்பேசிக்கு உருப்படியாக சிக்னல் கிடைப்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பாறையில் மட்டும்தான். அங்கேதான் பெண்கள் புளியைக் காயவைத்து, ஓடு தட்டி, கொட்டை எடுப்பார்கள். மேடம் அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் என் அம்மா. உச்சி வெயில். ப்ராம்ப்டர் இல்லை, என் குரல் அவர் காதுக்குப் போய்ச் சேர வழியும் இல்லை. அந்தக் காதில் இப்போது சென்னை நிலையம்தான் பேசியது. நான் கேமராவுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நேரலை நன்றாகத்தான் தொடங்கியது. விலை எப்படிம்மா என்று மேடம் கேட்க, அம்மா பிடித்துக்கொண்டாள். "எங்கங்க, வர்ற யாவாரி போன வருசத்து வெலயே சொல்றான். கேட்டா கீழயே அவ்ளோதாம்மான்றான். கீழ இன்னா வெலன்னு எங்களுக்கு யார் சொல்றாங்க? நீங்க டிவில தெனம் தங்கம் வெல சொல்றீங்க. நாங்க இன்னா தங்கத்தயா கரைச்சு கொழம்பு வெக்கிறோம்?" பெண்கள் சிரித்தார்கள். மேடமும் வாய்விட்டுச் சிரித்தார். உடனே மகளிர் குழுத் தலைவி, கீழே சந்தைகளில் விசாரித்து எழுதி வைத்திருந்த விலைத் தாளை மேடம் கையில் திணித்தாள். கேமராக்காரரிடம் இருந்த இன்னொரு காதுக்கருவியில் சென்னையின் குரல் எனக்கும் கேட்டது: "படிங்க மேடம், படிங்க."

மேடம் தாளைப் பிடித்தார். கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவினார். தலையை ஆட்டினார். நேரலையில் மௌனம் வளரும்போது அது பாறையைவிடக் கனமாக இருக்கும். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் அந்தத் தாளில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அப்போது என் அம்மா, புளி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை அவர் கையிலிருந்து சாதாரணமாக வாங்கினாள்.

"இந்த எடத்துல வெளிச்சம் சரியில்லைங்க. எம் பொண்ணு படிப்பா. ஏய், இன்னா அங்க நிக்கிற, வா."

தலைக்குமேல் சூரியன். கேமராக்காரரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, ஊர் ஊராக விலையைப் படித்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் மேடம் விளக்கம் சொன்னார். ஓடு எடுத்த புளிக்கும் எடுக்காததற்கும் உள்ள வித்தியாசம், யாருடைய கையில் எவ்வளவு தங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மலைப் பெண்ணையே படிக்க வைத்தது அருமையான யோசனை என்று சென்னையிலிருந்து செய்தித் தலைவர் பாராட்டினார்.

வண்டி ஏறும்போது அம்மா என்னை ஓரமாக இழுத்தாள். "அந்தம்மா என் மூஞ்சியப் பாக்கல, காதப் பாத்துப் பேசறாங்க. தாளக் குடுத்தா ஓரத்தத் தடவறாங்க. பாங்கில நான் பண்றதுதான? பத்தரமாக் கூட்டிட்டுப் போ."

அமிர்திப் பக்கம் இறங்கும் வளைவுகளில் மேடம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக வந்தார். பிறகு கேட்டார். "உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல மேடம். யார்கிட்டயும் சொல்லல."

"அப்பறம் எப்டிடி தெரிஞ்சுது?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். "நீ கேளு" என்றார்.

"இன்னா மேடம்?"

"நான் எல்லாரையும் கேப்பேன் இல்ல, அதக் கேளு."

கேட்டேன். "இது உங்களுக்கு எப்போ தெரியும் மேடம்?"

முதலில் சிரித்தார். "போன ஆடிலயே டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுல நடுப்பக்கம் மட்டும் போவுதாம், ஓரம் நிக்குமாம்." கண்ணாடி மறுபடி ஏறி இறங்கியது. "எவனாவது கம்பெனிக்காரன் இவ்ளோ நாள் மறைச்சிருந்தான்னா, நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

"வுட்டிருக்க மாட்டீங்க மேடம்."

"ம்" என்றார்.

அடுத்த வாரம், நிகழ்ச்சி முடியும் தறுவாயில், எழுதிக் கொடுக்காத ஒன்றைப் பேசினார். "திரையில் ஓடும் எண்களை நான் படிப்பதில்லை. என் காதுக்கு ஒருவர் சொல்கிறார். என் பார்வை போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்து பல மாதம் ஆகிறது. உங்களுக்கு இன்றுதான் சொல்கிறேன்." கண்ணாடியில் ஓர் எழுத்தும் இல்லை. திருப்ப ஒன்றும் இல்லாமல் நான் திருகின்மேல் விரலை வைத்திருந்தேன். மேசைக்கு அடியில் அந்தக் கால் ஆடாமல் இருந்ததை அன்று மட்டும்தான் பார்த்தேன். சில நாள்களில் இளைய முகம் அந்த நாற்காலிக்கு வந்தது.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம் என்று நிலையத்தில் இன்றும் பேசுகிறார்கள். அம்மா அந்தத் தாளை வாங்கியதால் அவர் வேலை தப்பியதா, போனதா என்று நானும் யோசிக்கிறேன். எந்தப் பக்கம் படுத்தாலும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. அம்மாவிடம் கேட்டால், "நான் இன்னா பண்ணேன், தாளத்தான வாங்கினேன்" என்கிறாள்.

இப்போது நான் அதே நிலையத்தில் வணிகச் செய்தியாளர். என் பெயரைச் சொல்லி முடிக்கும் செய்திகளை அம்மா எழுத்துத் தெரியாமலே பார்க்கிறாள். மேடம் கண்ணமங்கலத்து வீட்டில் இருந்தபடி, கைப்பேசியில் கேட்கிறவர்களுக்காகக் குரலில் மட்டும் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார். தங்கத்துக்கு முன்னால் புளி விலை சொல்கிறார். தினமும் சந்தை திறக்கும் முன் என்னை அழைப்பார். ஊருக்கு வந்திருக்கும் நாள்களில், இன்று போல, நான் அந்தப் பாறையில் ஏறி நின்று காத்திருப்பேன். அழைப்பு வரும்வரை ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை.

"லைட் சரியில்லடி மலைக்காரி, படி" என்கிறது குரல். அவருக்கு அது இப்போது வேடிக்கை. பாறையின் தாழ்ந்த பக்கத்தில் புளி தட்டும் அம்மாவுக்கு இன்னும் இல்லை. நான் முதல் எண்ணைப் படிக்கிறேன். வலது கைவிரல்கள் காற்றில் இல்லாத திருகைப் பிடித்திருக்கின்றன. மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. அடுத்த வரிக்குத் திருப்புகிறேன்.